ரகசியம் காக்கும் சின்னக் காவலாளி!

சேரன்மகாதேவி வயல்களுக்குத் தண்ணீர் கொண்டுவரும் கன்னடியன் கால்வாய்க்கு ஒரு கதை உண்டு. ஊர்ப் பெரியவர்கள் வாய்வழியாகச் சொல்லிவரும் பழங்கதை.

கன்னட தேசத்தில் இருந்து ஓர் ஏழைப் பிரம்மசாரி வந்தார். சேர ராஜாவைப் பிடித்திருந்த நோயைத் தான் வாங்கிக் கொண்டார். அதற்குக் கூலியாக எள்ளால் செய்த ஒரு பொம்மை கிடைத்தது. பொம்மைக்கு உள்ளே விலை மதிக்க முடியாத மணிகள்!

இவ்வளவு செல்வத்தைச் சுமந்துகொண்டு தனியே எப்படி நடமாடுவது? அம்பாசமுத்திரம் கோவிலில் இருந்த ஒருவரிடம் மூட்டையைக் கொடுத்தார். பத்திரமாக வைத்திருக்கச் சொல்லிவிட்டு, அகத்திய முனிவரைத் தேடி மலைக்குப் போனார்.

திரும்பி வந்தார். மூட்டையை வாங்கினார். பிரித்துப் பார்த்தார்.

உள்ளே இருந்தது துவரம்பருப்பு!

பிறகு மணிகள் மீண்டன என்றும், அந்தச் செல்வத்தைக் கொண்டுதான் கால்வாய் வெட்டப்பட்டது என்றும் கதை போகிறது. கதை நடந்ததோ இல்லையோ, அதில் உள்ள கேள்வி உண்மையானது. பெட்டியைக் காக்க ஒருவனை வைக்கிறோம். பெட்டி அவன் கையில் இருக்கிறது. அவனை யார் காப்பது?

இன்று ராணுவங்களையும் சர்க்கார்களையும் தூங்கவிடாமல் செய்வது இதே கேள்விதான். இன்றைக்குப் பெட்டி என்பது கம்ப்யூட்டர். பெட்டியைக் கையில் வைத்திருப்பது மனிதன் அல்ல. செயலி!

டபேதாரும் செயலியும்

சேரன்மகாதேவியில் சார் ஆட்சியர் அலுவலகம் இருக்கிறது. அது போன்ற ஓர் அலுவலகத்தில் ஒரு நிலத் தகராறு பற்றிய கட்டு இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

கட்டில் முதல் தாள், நிலத்தின் வரைபடம். அதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அடுத்த தாளில் சாட்சிகளின் வாக்குமூலம். அதை விசாரணை செய்கிறவர் பார்த்தால் போதும். கடைசியில் ஒரு ரகசியத் தாள். ஊரில் இருந்து துப்புச் சொன்னவருடைய பெயர் அதில் இருக்கிறது. அது வெளியே தெரிந்தால் அந்த மனிதரின் உயிருக்கே ஆபத்து.

கட்டு ஒன்றுதான். பார்க்கிற கண்கள் மூன்று விதம்.

காகிதக் காலத்தில் இதற்குச் சுலபமான வழி இருந்தது. ரகசியத் தாளை உறையில் போடுவார்கள். அரக்கு முத்திரை வைப்பார்கள். டபேதார் கையில் கொடுத்து அனுப்புவார்கள். டபேதார் உறையைச் சுமந்துகொண்டு போவார். பிரித்துப் படிக்க மாட்டார். படித்தால் அரக்கு உடைந்து காட்டிக் கொடுத்துவிடும்.

கம்ப்யூட்டர் வந்த பிறகு என்ன ஆயிற்று?

அங்கே தாளைக் கொண்டுவந்து காட்டுவது செயலி. செயலி என்றால் வேறு ஒன்றும் இல்லை. கம்ப்யூட்டர் என்ன செய்யவேண்டும் என்று வரி வரியாக எழுதிவைத்த கட்டளைகள். கடிதம் அடிக்க ஒரு செயலி. கணக்குப் போட ஒரு செயலி. படம் பார்க்க ஒரு செயலி.

இந்தப் புது டபேதாரிடம் ஒரு விசேஷம் உண்டு. உறையைப் பிரித்து, உள்ளே இருப்பதைப் படித்தால்தான் அது நமக்குக் காட்ட முடியும். படிக்காதே என்று தடுத்தால் வேலை நடக்காது. படிக்க விட்டால், படித்ததை வைத்துக்கொண்டு அது வேறு என்ன செய்யும் என்பது நமக்குத் தெரியாது.

அதை எழுதியவர் யார்? எங்கோ ஒரு தேசத்தில் பல நூறு பேர் சேர்ந்து எழுதியிருப்பார்கள். பெரிய செயலி என்றால் லட்சக்கணக்கான வரிகள். அத்தனையையும் படித்துப் பார்த்து, "இதில் கள்ளம் இல்லை" என்று கையெழுத்துப் போட யாரால் முடியும்?

நம் மத்திய சர்க்கார் தன் ரகசியங்களை நான்கு படிகளாக வைத்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே பரம ரகசியம். அதற்குக் கீழே ரகசியம். அடுத்தது அந்தரங்கம். கடைசிப் படி, கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. ரகசியத்தை வெளியிடுகிறவர்களைத் தண்டிக்க 1923-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டம் ஆளைப் பிடித்துச் சிறையில் போடும். செயலியைப் பிடித்துச் சிறையில் போட முடியுமா?

கூடங்குளத்தில் நடந்தது

"இதெல்லாம் அமெரிக்காவில் நடக்கிற சமாசாரம். நமக்கு என்ன?" என்று நினைக்க வேண்டாம். நம் திருநெல்வேலி மாவட்டத்திலேயே இந்தப் பேச்சு எழுந்தது.

2019-ம் ஆண்டு அக்டோபர் மாதக் கடைசி. கூடங்குளம் அணுமின் நிலையத்தின் கம்ப்யூட்டருக்குள் ஒரு தீய செயலி புகுந்துவிட்டது என்று செய்தி பரவியது. 29-ந் தேதி நிலையத்தின் சார்பில் மறுப்பு வந்தது. நிலையத்தை இயக்கும் கம்ப்யூட்டர்கள் வெளி உலகத்தோடு இணைக்கப்படவே இல்லை, ஆகையால் தாக்க முடியாது என்று சொன்னார்கள்.

மறுநாளே, அதாவது 30-ந் தேதி, இந்திய அணுமின் கழகம் வேறு விதமாகப் பேசியது. தங்கள் அமைப்பில் தீய செயலி காணப்பட்டது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டது. செப்டம்பர் 4-ந் தேதியே அது கண்டுபிடிக்கப்பட்டு, தங்களுக்குத் தகவல் வந்ததாகவும் கூறியது.

ஆனால் புகுந்த இடம் எது? நிர்வாக வேலைக்காக இன்டர்நெட்டோடு இணைத்திருந்த ஒருவருடைய கம்ப்யூட்டர். அணு உலையை இயக்குகிற கம்ப்யூட்டர்கள் தனி. இரண்டுக்கும் தொடர்பு கிடையாது. நிலையத்தின் இயந்திரங்களுக்குப் பாதிப்பு இல்லை என்று கழகம் தெரிவித்தது.

அந்தத் தீய செயலிக்கு ஆராய்ச்சியாளர்கள் வைத்திருந்த பெயர் டிட்ராக். விசைப்பலகையில் நாம் எதைத் தட்டுகிறோம் என்பதைக் குறித்துக்கொள்ளும். கம்ப்யூட்டரில் என்னென்ன கோப்புகள் இருக்கின்றன என்று பட்டியல் எடுக்கும். உடைப்பது அதன் முதல் வேலை அல்ல; ஒட்டுக் கேட்பதுதான்.

அன்று காப்பாற்றியது எது? சுவர்! இரண்டு கம்ப்யூட்டர் கூட்டங்களுக்கு நடுவே கம்பியே இல்லாத இடைவெளி.

சுவர் போதுமா?

சுவர் நல்லதுதான். அணு உலையைப் பொறுத்தவரை சுவர் கட்டாயம் வேண்டும். அதில் இரண்டாவது பேச்சுக்கு இடமே இல்லை.

ஆனால் எல்லா இடத்திலும் சுவரை வைத்துப் பிழைக்க முடியாது. ஒரு ராணுவ அதிகாரியை நினைத்துப் பாருங்கள். நான்கு படி ரகசியங்களுக்கு நான்கு கம்ப்யூட்டர்கள் அவர் மேஜையில் இருக்கவேண்டும். மழை வருமா என்ற செய்தி ஒன்றில். பாலத்தின் படம் ஒன்றில். படை எந்தப் பாலத்தைக் கடக்கப் போகிறது என்ற ரகசியம் இன்னொன்றில். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் முடிவு எடுக்கலாம்.

அவர் என்ன செய்வார்? ஒரு பென் டிரைவை எடுப்பார். இதில் செருகி அதில் போடுவார். அவசரத்துக்குப் பாவம் இல்லை என்று நினைப்பார்.

அங்கேதான் சுவரில் ஓட்டை விழுகிறது.

ஈரான் தேசத்தில் நத்தான்ஸ் என்ற ஊர் இருக்கிறது. அங்கே யுரேனியம் செறிவூட்டும் கூடம். அதன் கம்ப்யூட்டர்களும் வெளி உலகத்தோடு இணைக்கப்படாதவைதான். அப்படியும் ஸ்டக்ஸ்நெட் என்ற தீய செயலி உள்ளே போய், சுழலும் இயந்திரங்களைக் கெடுத்தது. 2010-ம் ஆண்டில் உலகத்துக்கு இது தெரியவந்தது. பென் டிரைவ் மூலம் போயிருக்கும் என்று வல்லுநர்கள் நம்புகிறார்கள்.

ஆக, வேண்டியது என்ன? ஒரே கம்ப்யூட்டர். கடையில் கிடைக்கிற சாதாரணச் செயலி. நான்கு படி ரகசியமும் அதில் இருக்கவேண்டும். வேலையும் நடக்கவேண்டும். ஒரு சொட்டும் கசியக் கூடாது!

முடியுமா?

அடித்தளத்தில் ஒருவன்

அமெரிக்க விமானப் படைக்கு இந்தத் தலைவலி அரை நூற்றாண்டுக்கு முன்பே வந்துவிட்டது. 1972-ம் ஆண்டில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்பவர் அதற்கு ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்தார்.

செயலிகளை நம்புவதை அடியோடு விட்டுவிடுங்கள் என்பதுதான் அதன் சாரம். செயலிகளுக்கு அடியில், கம்ப்யூட்டரின் அடித்தளத்திலே, ஒரு காவலாளியை வையுங்கள். எந்தச் செயலியும் எந்தத் தாளைத் தொடுவதாக இருந்தாலும் அவனிடம்தான் கேட்கவேண்டும்.

அந்தக் காவலாளிக்கு மூன்று லட்சணங்கள் வேண்டும். அவனைச் சுற்றிக்கொண்டு போகும் கொல்லைப்புற வழி இருக்கக் கூடாது. அவனை யாரும் மாற்றவோ மயக்கவோ முடியக் கூடாது. மூன்றாவதுதான் அழகான லட்சணம்: அவன் சின்னவனாக இருக்கவேண்டும்!

ஏன் சின்னவன்? லட்சம் வரிகளைச் சோதிக்க முடியாது. கொஞ்ச வரிகள் என்றால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சோதித்துவிடலாம். துவரம்பருப்புக் கதையின் கேள்விக்கு இதுதான் பதில். காவலாளியை யார் காப்பது? யாரும் காக்க வேண்டாம். அவனை முழுக்கத் திறந்து பார்த்துச் சோதிக்கும் அளவுக்குச் சின்னவனாக வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, காவலாளி எந்தச் சட்டப்படி நடப்பான்? 1973-ல் டேவிட் பெல், லியோனார்ட் லபடூலா என்ற இருவர் அதைக் கணக்காக எழுதினார்கள். இரண்டே விதிகள்.

முதல் விதி: உனக்கு மேல் படியில் இருப்பதைப் படிக்காதே.

இது குழந்தைக்கும் புரியும். குமாஸ்தா பரம ரகசியத்தைப் பார்க்கக் கூடாது. அவ்வளவுதான்.

இரண்டாவது விதி: மேல் படியில் இருந்துகொண்டு கீழ்ப் படியில் எழுதாதே.

இது கொஞ்சம் விசித்திரமாக இருக்கும். கன்னடியன் கால்வாயில் தண்ணீர் மேட்டில் இருந்து பள்ளத்துக்குத்தான் ஓடும். ரகசியம் நேர் எதிர்! கீழே இருக்கிற செய்தி மேலே ஏறலாம். மேலே இருப்பது கீழே இறங்கவே கூடாது. மடை ஒரே பக்கம்தான் திறக்கும்.

இது எதற்கு? பெரிய அதிகாரி ஒருவர் இருக்கிறார். பரம ரகசியம் பார்க்கும் உரிமை அவருக்கு உண்டு. நல்லவர். நாணயமானவர். அவர் ஒரு நாள்காட்டிச் செயலியைத் திறக்கிறார். பண்டிகை எப்போது என்று பார்க்கத்தான். அந்தச் செயலிக்குள் கள்ளன் ஒளிந்திருக்கிறான்!

திறந்தவர் பெரிய அதிகாரி ஆயிற்றே. ஆகையால் செயலிக்கும் அவருடைய உரிமை வந்துவிடுகிறது. அது பரம ரகசியத்தைப் படிக்கிறது. முதல் விதி அதைத் தடுக்காது. படித்ததை எல்லாரும் பார்க்கும் ஓர் இடத்தில் நகல் எடுத்துப் போட முயல்கிறது. அப்போது இரண்டாவது விதி வந்து கையைப் பிடிக்கிறது. "மேலே படித்தாய் அல்லவா? இனி நீ கீழே ஓர் எழுத்தும் எழுத முடியாது!"

கள்ளன் உள்ளே போகலாம். படிக்கவும் செய்யலாம். எடுத்துக்கொண்டு வெளியே வர முடியாது. அந்தச் செயலியை யார் எழுதினார் என்று விசாரிக்க வேண்டிய அவசியமே இல்லை!

பால் சட்டியும் புளிச் சட்டியும்

ஆனால் இதில் ஒரு சங்கடம். அதே அதிகாரி காலையில் ரகசியத் தாள் ஒன்றைப் படித்தார். பிறகு வீட்டுக்கு ஒரு கடிதம் அடிக்க வேண்டும். இரவு சாப்பாட்டுக்கு வர நேரமாகும் என்று சொல்ல வேண்டும். காவலாளி விடமாட்டேன் என்கிறான். இந்தச் செயலி ரகசியத்தைத் தொட்டுவிட்டது, இனி இது எழுதுவது எல்லாம் ரகசியம்தான் என்று பிடிவாதம் பிடிக்கிறான்!

இதற்கு என்ன செய்வது? நம் வீட்டு அடுப்படியில் பதில் இருக்கிறது.

புளிக்குழம்பு வைத்த சட்டியில் பால் காய்ச்சினால் திரிந்துவிடும். அதற்காக யாராவது பாலே வேண்டாம் என்று இருக்கிறோமா? பாலுக்கு ஒரு சட்டி, குழம்புக்கு ஒரு சட்டி என்று வைத்துக்கொள்கிறோம். இரண்டையும் செய்த குயவர் ஒருவரே. சட்டியின் வடிவமும் ஒன்றே. ஆனால் இதை அதில் கலப்பதில்லை.

கம்ப்யூட்டரிலும் அப்படியே. ஒரே கடிதச் செயலியை இரண்டு தடவை ஓட விடுகிறார்கள். ஒன்று ரகசியப் படியில். மற்றது சாதாரணப் படியில். ஒன்று இருப்பது மற்றதற்குத் தெரியாது. செயலியில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை. கடையில் வாங்கியபடியே வேலை செய்யும்.

ரகசியமாக இருந்த ஒரு செய்தியை நாளடைவில் கீழே இறக்க வேண்டிய சமயமும் வரும். அதைச் செயலியின் இஷ்டத்துக்கு விடுவதில்லை. அதற்கென்று அதிகாரம் பெற்ற ஒரு மனிதர் படித்துப் பார்த்து, பொறுப்பு ஏற்றுக்கொண்டு இறக்க வேண்டும்.

கப்பலில் என்ன இருக்கிறது?

இன்னொரு வேடிக்கை கேளுங்கள்.

ஒரு கப்பல் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் இருப்பது வெடிகுண்டு. அது ரகசியம். துறைமுகத்தில் ஒரு சாதாரணக் குமாஸ்தா. அவர் கம்ப்யூட்டரில் கப்பலின் பெயரைத் தட்டி, என்ன சரக்கு என்று கேட்கிறார்.

சொல்ல முடியாது என்று கம்ப்யூட்டர் பதில் சொன்னால்? அந்த மறுப்பே காட்டிக் கொடுத்துவிடும். அரிசி ஏற்றிய கப்பலுக்கு யாராவது ரகசியம் வைப்பார்களா?

சரி, ஒன்றும் எழுதாமல் காலியாக விட்டால்? சரக்கு இல்லை போலும் என்று நினைத்து, குமாஸ்தா அந்தக் கப்பலில் வேறு சரக்கை ஏற்றப் பார்ப்பார்.

ஆகையால் நிபுணர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். ஒரே கப்பலுக்குப் பதிவேட்டில் இரண்டு வரி. மேல் படிக்காரர் கேட்டால் "வெடிகுண்டு" என்று வரும். கீழ்ப் படிக்காரர் கேட்டால் "அரிசி" என்று வரும். கேள்வி ஒன்று, பதில் இரண்டு!

கெட்டிக்காரத்தனம்தான். ஆனாலும் இதை எழுதும்போது மனம் உறுத்துகிறது. அரிசி என்று நம்பி, அந்தக் கப்பலுக்குப் பக்கத்தில் யாராவது அடுப்புப் பற்றவைத்தால் என்ன ஆகும்? பொய் சொல்கிற பதிவேட்டை எவ்வளவு தூரம் நம்பி வேலை செய்வது? இந்த முறையைப் பற்றி நிபுணர்களுக்குள்ளேயே வாதம் உண்டு.

ரேஷன் கடையில்

ராணுவமும் கப்பலும் தூரத்தில் இருக்கட்டும். நம் ஊர் ரேஷன் கடைக்கு வருவோம்.

ஒரு பாட்டி வருகிறாள். கருவியின் மேல் விரலை வைக்கிறாள். கோடிக்கணக்கான மக்களின் கைரேகைகள் ஆதார் மையத்தில் இருக்கின்றன. அது பெரிய ரகசியப் பெட்டி. கடையில் இருப்பதோ ஒரு சாதாரணக் கருவி. அந்தப் பெட்டியை இந்தக் கருவிக்குத் திறந்து விடலாமா?

திறப்பதில்லை. கருவி ரேகையை மறைக்குறியாக மாற்றி மையத்துக்கு அனுப்புகிறது. இது இந்தப் பாட்டியின் ரேகைதானா என்று கேட்கிறது. இந்தச் சோதனைக்கு மையம் சொல்லும் பதில் ஒரே வார்த்தை: "ஆம்" அல்லது "இல்லை". பெட்டியில் உள்ள ரேகை வெளியே வருவதில்லை. சாதாரணச் செயலிக்கு ரகசியத்தின் பலன் கிடைக்கிறது. ரகசியம் கிடைப்பதில்லை.

நாற்று நட்டும், கோரைப் பாய் முடைந்தும் ரேகை தேய்ந்துபோன விரல்கள் இந்தப் பக்கத்தில் எத்தனையோ. அந்த விரலுக்குக் கருவி "இல்லை" என்று சொல்லிவிட்டால், பாட்டிக்கு அன்றைக்கு அரிசி இல்லை என்று ஆகிவிடக் கூடாது. காவலாளி எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும், அவன் தவறிப்போகும்போது பாட்டி போக இன்னொரு வழியும் வைத்திருக்க வேண்டும். பெட்டியைக் காப்பது பாட்டிக்காகத்தானே!

சட்டைப் பையில் இருக்கிறான்

1983-ல் அமெரிக்கப் பாதுகாப்பு இலாகா, எந்தக் கம்ப்யூட்டர் எவ்வளவு கெட்டி என்று தரம் பிரிக்க ஒரு புத்தகம் போட்டது. அட்டையின் நிறத்தை வைத்து அதை ஆரஞ்சுப் புத்தகம் என்று அழைத்தார்கள். அதில் முதல் தரம் வாங்கிய கம்ப்யூட்டர்கள் மிகச் சில. விலை அதிகம். செய்து முடிக்கப் பல வருஷம் ஆகும். அதற்குள் கடையில் புது மாடல் வந்துவிடும். வாங்குகிறவர்கள் மலிவான பக்கமே போனார்கள்.

அதோடு சின்னக் காவலாளியின் கதை முடிந்தது என்றுதான் பலர் நினைத்தார்கள். முடியவில்லை!

அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை, 2000-ம் ஆண்டில் ஒரு காவலாளியை எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று இலவசமாக வெளியிட்டது. லினக்ஸ் என்ற கம்ப்யூட்டர் அடித்தளத்துக்காக எழுதப்பட்டவன் அவன். அவனுடைய வரிகளை யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம். 2003-ல் அவன் லினக்ஸ் அடித்தளத்திலேயே சேர்ந்துவிட்டான். 2013-ல் ஆண்ட்ராய்டு போனுக்குள்ளும் நுழைந்தான்.

ஆம், வாசகர்களே! உங்கள் கையில் ஆண்ட்ராய்டு போன் இருந்தால், ராணுவத்துக்காகப் பிறந்த அந்தக் காவலாளியின் வாரிசு இப்போது உங்கள் சட்டைப் பையில் இருக்கிறான். போனில் அவன் மேல் படி, கீழ்ப் படி என்று அதிகம் பார்ப்பதில்லை. ஒவ்வொரு செயலியையும் தனித்தனி அறையில் அடைத்து வைக்கிறான். விளையாட்டுச் செயலி பாங்குச் செயலியின் அறைக்குள் எட்டிப் பார்க்க முடியாது.

ஆனால் உங்கள் டார்ச் விளக்குச் செயலி, "உங்கள் நண்பர்களின் எண்களைப் பார்க்கலாமா?" என்று கேட்கும்போது, "சரி" என்று விரலை அழுத்துகிறீர்களே, அங்கே அவன் ஒன்றும் செய்ய மாட்டான். வீட்டுக்காரரே கதவைத் திறந்தால் காவலாளி என்ன செய்வான்?

நம் நாட்டிலும் இந்த வழியில் முயற்சிகள் நடக்கின்றன. சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம் லினக்ஸை வைத்து பாஸ் என்ற அடித்தளத்தைச் செய்தது. 2023-ல் பாதுகாப்பு அமைச்சகம் தன் கம்ப்யூட்டர்களுக்கு மாயா என்ற சொந்த அடித்தளத்தை வைக்க முடிவு செய்ததாகச் செய்தி வந்தது. அடுத்தவர் எழுதிய பூட்டை விட, நாமே பிரித்துப் பார்க்கக் கூடிய பூட்டு மேல் அல்லவா?

சுவரைத் தட்டும் கைதி

இவ்வளவும் செய்தாலும் ரகசியம் கசிய இன்னும் ஒரு வழி உண்டு. 1973-லேயே பட்லர் லாம்ப்சன் என்ற விஞ்ஞானி அதை எழுதிவிட்டார்.

சிறையில் பக்கத்துப் பக்கத்து அறைகளில் இரண்டு கைதிகள். பேச முடியாது. பார்க்க முடியாது. ஒருவன் சுவரைத் தட்டுகிறான். ஒரு தட்டு என்றால் "ஆம்". இரண்டு தட்டு என்றால் "இல்லை".

மேல் படியில் இருக்கும் கள்ளச் செயலியும் அப்படியே செய்யும். ஒரு நிமிஷம் கம்ப்யூட்டரை வேலையில் மூழ்கடிக்கும். அடுத்த நிமிஷம் சும்மா இருக்கும். கீழ்ப் படியில் அதன் கூட்டாளி உட்கார்ந்து, கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறதா, வேகமாக ஓடுகிறதா என்று எண்ணிக்கொண்டே இருக்கும். ஓர் எழுத்தும் எழுதப்படவில்லை. விதி எதுவும் மீறப்படவில்லை. ரகசியம் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருக்கிறது!

இதை அடியோடு நிறுத்த முடிவதில்லை. சொட்டும் வேகத்தைக் குறைக்கத்தான் பார்க்கிறார்கள்.

சாவி வைத்திருக்கும் மனிதர்கள்

செயலி ஒருபுறம் இருக்க, சாவி உள்ள மனிதனே எடுத்துக் கொடுத்துவிட்டால்? 2010-ல் அமெரிக்க ராணுவத்தின் லட்சக்கணக்கான ஆவணங்கள் அப்படித்தான் வெளியே வந்தன. 2013-ல் எட்வர்ட் ஸ்னோடன் அந்த நாட்டுப் பாதுகாப்பு முகமையின் கட்டுகளை வெளியிட்டார். உள்ளே போக அனுமதி உள்ளவர்கள் செய்த காரியம் அது. ஆகையால்தான் காவலாளி தடுப்பதோடு நிற்பதில்லை. யார், எப்போது, எந்தத் தாளைத் திறந்தார் என்று குறித்தும் வைக்கிறான்.

அந்தக் குறிப்பு குற்றவாளியைப் பிடிக்க மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். குற்றம் இல்லாதவருக்கும் அது துணை.

நம் மாவட்டத்தில் மகேந்திரகிரி இருக்கிறது. ராக்கெட் என்ஜின்களைச் சோதிக்கும் இடம். அந்தத் துறையில் பெயர் பெற்ற விஞ்ஞானி நம்பி நாராயணன். ராக்கெட் ரகசியத்தை அந்நியருக்கு விற்றார் என்று 1994-ல் அவரைக் கைது செய்தார்கள். ஐம்பது நாள் காவலில் இருந்தார். ஊரெல்லாம் தூற்றியது. 1996-ல் சி.பி.ஐ., குற்றச்சாட்டில் உண்மை இல்லை என்று சொல்லிவிட்டது. 1998-ல் சுப்ரீம் கோர்ட்டும் அவர் பக்கம் நின்றது. 2018-ல் அவருக்கு 50 லட்ச ரூபாய் நஷ்டஈடு கொடுக்கும்படி உத்தரவிட்டது.

இருபத்து நான்கு வருஷம்! எந்தத் தாள் யார் கைக்குப் போயிற்று என்று மாற்ற முடியாத குறிப்பு இருக்கிற இடத்தில் வதந்திக்கு வேலை குறைவு.

மறைத்த வரி

சார் ஆட்சியர் அலுவலகத்துக் கட்டுக்குத் திரும்புவோம். நிலத்துக்காரர் வருகிறார். 10 ரூபாய் கட்டி, தகவல் உரிமைச் சட்டப்படி மனுப் போடுகிறார். தன் நிலத்துக் கட்டைக் கேட்கிறார்.

ரகசியத் தாள் ஒன்று இருக்கிறது என்பதற்காக முழுக் கட்டையும் மறுத்துவிட முடியுமா? முடியாது. 2005-ம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் 10-வது பிரிவு அதைத்தான் சொல்கிறது. கொடுக்கக் கூடாத பகுதியைப் பிரித்து எடுத்துவிட்டு, மிச்சத்தைக் கொடுக்க வேண்டும். கம்ப்யூட்டர் நிபுணர்கள் படி படியாகப் பிரித்த அதே வேலையைச் சட்டம் ஒரு பிரிவில் சொல்லிவிட்டது.

துப்புச் சொன்னவர் பெயர் உள்ள வரியை மறைக்க வேண்டும். எப்படி மறைப்பது? கம்ப்யூட்டரில் கருப்புக் கட்டம் பூசிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். 2019 ஜனவரியில் அமெரிக்காவில் ஒரு பெரிய வழக்கில் வக்கீல்கள் அப்படித்தான் பூசிக் கோர்ட்டில் கொடுத்தார்கள். பத்திரிகைக்காரர்கள் அந்தக் கருப்புக் கட்டத்தை அப்படியே நகல் எடுத்து வேறு தாளில் ஒட்டினார்கள். மறைத்த எழுத்து முழுக்கத் தெரிந்தது! மேலே கருப்பு இருந்ததே தவிர, அடியில் எழுத்து அழியவே இல்லை.

தாளை அச்சடித்து, மையால் அடித்து, அடித்த தாளை மறுபடி ஜெராக்ஸ் எடுத்து, அந்த ஜெராக்ஸை மட்டும் நிலத்துக்காரர் கையில் கொடுக்கிறாரே பழைய குமாஸ்தா, அவர் வேலை இன்னும் கெட்டியாகத்தான் இருக்கிறது.